அடையாளக் குறி

மாடு பிடிக்கும் வண்டியின் இடது கதவில்
மாநகராட்சி முத்திரை.
வில் இருக்கிறது. மீன் இருக்கிறது.
புலிக்கு வால் இல்லை,
சூளையில் தண்ணீர் லாரி ஒன்று உரசிப்போனதில்.
கீழே ஒரு வளைகோடு.
படகு என்பான் டில்லிபாபு. நான் அலை என்பேன்.
ஐப்பசி பிறந்தால் இரண்டும் நம் தெருவுக்கு வரும்.

ஆறு வருடமாக அந்தக் கதவைத் திறந்து மூடுகிறேன்.
குப்பைத் தொட்டியில் அதே முத்திரை,
சுடுகாட்டு வாசலில்,
என் மகள் பிறந்தபோது கொடுத்த சான்றிதழில்.
உற்றுப் பார்த்ததில்லை.
முகம் பார்க்காமலே வணக்கம் வைக்கிற பழக்கம்.

எழும்பூர் பாலத்தில் வண்டி நகராமல் நின்ற ஒரு நாள்
கேட்டேன்:
"டில்லி, சேரனுக்கு வில்லு, சோழனுக்குப் புலி,
பாண்டியனுக்கு மீனு.
இதுல நம்மூரு ஆளு யாரு?"
கியரைத் தட்டிக்கொண்டே சொன்னான்:
"மீனு காசிமேடு. புலி வண்டலூரு.
வில்லு வில்லிவாக்கம்.
மூணும் நம்புள்துதான், இன்னா இப்ப?"

சிரித்துவிட்டேன். ஆனாலும் உறுத்தியது.
இது தொண்டை மண்டலம்,
பல்லவர் கொடியில் காளை என்று
பள்ளிக்கூடத்தில் இரண்டு மதிப்பெண்ணுக்கு எழுதியிருக்கிறேன்.
அந்தக் காளை எங்கே?
அதன் அரசன் கொஞ்ச காலம் பஸ்ஸில் பெயராக ஓடினான்,
பிறகு அங்கிருந்தும் இறக்கிவிட்டார்கள்.
பல்லாவரம் ஸ்டேஷன் பலகையில் பாதி மிச்சம்.

காளை
அன்று விடியற்காலை ஐந்தே காலுக்கு
திருவல்லிக்கேணியில், ஏ.டி.எம். வாசல் வெளிச்சத்தில்
படுத்து அசைபோட்டுக்கொண்டிருந்தது.

பக்கத்திலிருந்த பசு கயிற்றைக் கண்டதும் ஓடியது.
மீன் மார்க்கெட் வரை துரத்திப் பிடித்தோம்.
காளை எழுந்திருக்கவே இல்லை.
முத்திரையின் அந்த வடிவத்தைக் கேடயம் என்கிறார்கள்.
எங்களுக்கு வாய்த்தது நைலான் கயிறும்
விரல் கிழிந்த கையுறையும்.
நாலு பேர் தள்ளினோம்.
பால் வண்டிக்காரன் ஹாரன் அடித்தான்.
அரியணை விட்டு எழுவதுபோல் எழுந்தது
என்று சொல்ல ஆசைதான்;
மூட்டுவலிக்காரர் பஸ்ஸில் எழுந்திருப்பதுபோல்
எழுந்தது.

ஏறும் முன் கதவருகே நின்று
அரிப்போ என்னவோ,
முத்திரைமேல் கொம்பை வைத்து
நிதானமாகத் தேய்த்தது.
"ஏய், பெயின்ட்டு! பெயின்ட்டு!" டில்லி கத்தினான்.
புலியின் முதுகில்
தகரம் தெரிந்தது.

பதினோரு மணிக்குப் புதுப்பேட்டைத் தொழுவத்துக்கு
தேசம்மா வந்தாள்.
முந்தானை முடிச்சில் ரூபாயும்
அடகுக்கடைச் சீட்டும்.
பசுவுக்கு அபராதம் கட்டினாள்,
எண்ணியதையே திரும்ப எண்ணி.
"அது?" என்றேன்.
திரும்பாமலே சொன்னாள்:
"எதுன்னே தெரியாது சார் எனுக்கு."
அவள் குரல் கேட்டதும்
காளை கம்பியோரம் வந்து கத்தியது.
பசுவின் கயிற்றைக் கையில் இன்னொரு சுற்று சுற்றிக்கொண்டு
வேகமாக நடந்தாள்.

அவளைக் குறை சொல்ல நான் யார்.
பால் கறக்காத ஒன்றை வைத்துக்கொள்ள
இந்த ஊரில் முதலில் இடம் வேண்டும்.

படிவத்தை நிரப்பினேன்.
இனம்: நாட்டுக் காளை.
நிறம்: வெள்ளை. வயது: சுமார் ஆறு.
உரிமையாளர்: ஒரு சின்னக் கோடு.
தாளின் தலையில் வில், மீன், வாலோடு புலி.
அச்சில் எதுவும் உரிவதில்லை.
அடையாளக் குறி என்ற கட்டத்தில்
பேனா நின்றது.
எழுந்து போய் ஒரு தடவை பார்த்துவிட்டு வந்து
எழுதினேன்:

வலது கொம்பு நுனியில்
மஞ்சள் பெயின்ட்.